ஒரு தீ, இரண்டு சட்டி

கண்டியிலிருந்து கொழும்புக்குப் போகும் பஸ் பேராதனையைத் தாண்டி, கடுகண்ணாவைக் கணவாயில் வளைந்து வளைந்து இறங்கி, மாவனல்லையைக் கடந்தால் மொலகொடை வரும். வீதியின் இரு கரையிலும் மண்பாண்டக் கடைகள். தண்ணீர்க் குடம், கறிச்சட்டி, பூச்சாடி, தயிர்ச்சட்டி என்று அடுக்கி வைத்திருப்பார்கள். இலங்கையில் மண்பாண்டம் விற்கும் கடைகளில் செங்காவி நிறத்தில் இன்னொரு சாமானும் இருக்கும். முன்னால் வாய் திறந்த பெரிய உருளை. அதன் முதுகில் ஒட்டிப் பிறந்ததுபோல ஒரு சிறிய உருளை. அதன் பெயர் அனகி. சிங்களத்தில் அந்தச் சொல்லுக்கு ‘அருமையானது’, ‘மிகச் சிறந்தது’ என்று பொருள்.

கை தவறினால் உடைந்துபோகும் மலிவான மண் அடுப்பு அது. ஆனால் பூமியின் சூட்டை அடக்க எப்படிப்பட்ட கண்டுபிடிப்பு வேண்டும், அதற்கு யார் காசு கொடுப்பது, கண்டுபிடித்த பிறகு அது ஏழை வீட்டுக் குசினிக்குள் எப்படி வந்து சேரும் என்று உலகப் பொருளியலாளர்கள் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்விகளுக்கு இதன் கதையில் ஒரு பதில் இருக்கிறது. அந்தப் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த அடுப்பு இரண்டு தடவை பிறந்தது. ஒரு தடவை, அளந்து பார்த்தவர்களின் கையில். இன்னொரு தடவை, அதை விற்றுக் குடும்பம் நடத்த முடிந்த குயவரின் கையில். இரண்டாவது பிறப்பு வாய்க்காவிட்டால் முதலாவது ஓர் அறிக்கையோடு முடிந்திருக்கும்.

மூன்று கல்

அடுப்பு என்றால் மூன்று கல்தான். உலகின் மிகப் பழைய சமையல் சாதனம் அது. காசு வேண்டாம், எந்தச் சட்டிக்கும் பொருந்தும், எந்த இடத்திலும் வைக்கலாம். அதன் குறை, தீ நாலா பக்கமும் ஓடுவது. விறகில் அடங்கியிருக்கும் சூட்டில் பத்தில் ஒரு பங்கு அளவே சட்டிக்குள் போகும். மிச்சம் சுவரையும் கூரையையும், அடுப்புக்கு முன்னால் குந்தியிருப்பவளின் முகத்தையும் சுடும்.

மலையகத்தில் இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. கலஹா, தெல்தோட்டை, புசல்லாவைப் பக்கத்துத் தோட்டங்களில் விடியுமுன் அடுப்பு மூட்டியாக வேண்டும். தேத்தண்ணி, ரொட்டி, பிள்ளைகளின் பள்ளிச் சாப்பாடு எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் கொழுந்து பறிக்க மலை ஏற வேண்டும். அடுப்புக்குக் கிடைப்பது கவாத்து வெட்டிய தேயிலையின் மிலாறு, காய்ந்து விழுந்த சவுக்குக் கிளை, மழைக்காலத்தில் ஈரம் உலராத ஏதோ ஒரு கட்டை. ஈர விறகு எரிவதைவிடப் புகைவதுதான் அதிகம். ஊதுகுழலை வாயில் வைத்து ஊதி ஊதிக் கண் சிவந்த அம்மாக்களை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்! தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தின் குசினிச் சுவரில் உள்ள கருமை ஒரு நாளில் படிந்தது அல்ல. அதே புகை நெஞ்சிலும் படிந்தது. வீட்டுப் புகையால் 2020இல் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது.

தோட்டம் மட்டுமல்ல, கண்டியைச் சுற்றியுள்ள சிங்களக் கிராமங்களிலும் நிலைமை இதேதான். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போதுகூட இலங்கையின் வீடுகளில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் விறகில்தான் சமைத்தன. அனகி பிறந்த காலத்தில் அந்தப் பங்கு இன்னும் பெரிது.

விறகு தீர்ந்துவிடும் என்ற அச்சம்

1973இல் எண்ணெய் விலை ஏறியது. 1979இல் மறுபடியும் ஏறியது. பணக்கார நாடுகள் பெட்ரோலைப் பற்றிக் கவலைப்பட்டபோது, ஏழை நாடுகளுக்கு வேறொரு பஞ்சம் வரப்போகிறது என்று ஆய்வாளர் எரிக் எக்ஹோம் 1975இல் எழுதினார். விறகுப் பஞ்சம்தான் அவர் சொன்ன ‘மற்ற எரிசக்தி நெருக்கடி’. மண்ணெண்ணெய் வாங்க முடியாதவர்கள் காட்டை வெட்டுவார்கள், காடு போனால் மண் போகும், மண் போனால் ஆறு போகும் என்ற எச்சரிக்கை உலகெங்கும் பரவியது.

கண்டிக்கு அந்த எச்சரிக்கை தூரத்துச் செய்தியாகப் படவில்லை. அதே ஆண்டுகளில்தான் மகாவலியை அணை கட்டித் திருப்பிக்கொண்டிருந்தார்கள். 1976இல் பொல்கொல்லை நீர்திருப்பு வேலை செய்யத் தொடங்கியது. 1985இல் விக்டோரியா அணை திறக்கப்பட்டது. அணைக்கு மேலே மலைகள் மொட்டையானால் மழை மண்ணை வாரி நீர்த்தேக்கத்தில் கொட்டும், தேக்கம் தூரும், மின்சாரமும் பாசனமும் குறையும். மலையில் மரம் நிற்பதற்கும் கொழும்பில் விளக்கு எரிவதற்கும் இருந்த தொடர்பு கண்டிக்காரர்களுக்குக் கண்முன்னே தெரிந்தது.

விறகு அடுப்பைத் திருத்தும் வேலையில் இலங்கை மின்சார சபை இறங்கியது இன்று கேட்பவர்களுக்கு வியப்பாக இருக்கலாம். நாட்டின் எரிசக்தியில் பெரும்பங்கு அன்று விறகிலிருந்துதான் வந்தது. எரிசக்திக்குப் பொறுப்பானவர்கள் கம்பியில் ஓடும் மின்சாரத்தை மட்டும் கணக்கெடுத்துவிட்டு, பெண்கள் தலையில் சுமந்து வரும் எரிசக்தியைக் கணக்கில் விட்டால் அது கணக்கே ஆகாது. 1984இல் தேசிய விறகுச் சேமிப்புத் திட்டம் தொடங்கியபோது அந்தக் கணக்கு ஓரளவு நேரானது.

முதற் பிறப்பு: அளவு

கதை அதற்கு முன்பே, சர்வோதய இயக்கத்தில் தொடங்கிவிட்டது. ஏ. ரி. ஆரியரத்ன 1958இல் தொடங்கிய அந்த இயக்கத்துக்குக் கிராமங்களில் ஆட்பலம் இருந்தது. இங்கிலாந்தில் ஈ. எஃப். ஷூமாக்கரும் நண்பர்களும் 1966இல் அமைத்த இடைநிலைத் தொழில்நுட்ப வளர்ச்சிக் குழுவிடம் பொறியியல் அறிவு இருந்தது. பெரிய இயந்திரம் வாங்க வழியில்லாத ஊரில் அந்த ஊர்க் கையும் மண்ணும் போதும் என்கிற கருவியைத் தேடுவதே ஷூமாக்கரின் வழி. 1970களின் இறுதியில் இந்த இரண்டு பக்கமும் அடுப்பு விஷயத்தில் கைகோத்தன.

அந்நாட்களில் உலகெங்கும் பேசப்பட்டது குவாத்தமாலாவில் உருவான லொரேனா அடுப்பு. களிமண்ணும் மணலும் கலந்து பெரிய மேடையாகக் கட்டி, அதில் துளைகளைக் குடைந்து, புகைபோக்கி வைப்பார்கள். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் கட்டுபவரின் கைக்குக் கை அளவு மாறும். ஒரு வீட்டில் விறகு மிச்சமாகும், அடுத்த வீட்டில் மூன்று கல்லைவிடக் கூடுதலாக எரியும். மண் வெடிக்கும், புகைவழி அடைபடும்.

சுட்ட மண் பக்கம் திரும்பியதற்கு இதுதான் காரணம். அடுப்பின் உள்வடிவத்தைக் குயவர் திரிகையில் வனைந்து, சூளையில் சுட்டுத் தந்துவிட்டால் அளவு எல்லா வீட்டிலும் ஒன்றாக இருக்கும். வெளியே மண் பூசுவது மட்டும் வீட்டுக்காரரின் வேலை. கேட்க எளிதான யோசனை. ஆனால் இந்த இடத்தில்தான் கட்டடக்காரரின் வேலையாக இருந்த அடுப்பு குயவரின் சரக்காக மாறியது.

தமிழருக்கு இதில் ஒரு பழைய பழக்கத்தின் சாயல் தெரியும். கொடியடுப்பு என்று நம் வீடுகளில் ஒன்று இருந்தது. பெரிய அடுப்பில் சோறு வேகும்போது அதன் பக்கத்தில் இருக்கும் சின்ன வாயில் ரசமோ பாலோ சுடும். விறகு வைப்பது ஓர் இடத்தில். அனல் இரண்டு இடத்துக்கும் போகும். அனகியின் அடிப்படையும் அதுவே. ஒரு தீ, இரண்டு சட்டி. அப்படியானால் புதிதாக என்ன கண்டுபிடித்தார்கள்? அளவைக் கண்டுபிடித்தார்கள்.

தீயறைக்கு மேலே சட்டி எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும்? தாழ்ந்தால் தீ மூச்சுத் திணறிக் கரியும் புகையுமாகும். உயர்ந்தால் அனல் வீணாகும். சட்டி அமரும் குமிழ்கள் எவ்வளவு தடிப்பாக இருக்க வேண்டும்? அந்த இடைவெளி வழியாகத்தான் சூட்டுக் காற்று சட்டியை உரசிப் போகிறது. முன் அறையிலிருந்து பின் அறைக்குப் போகும் குகைவழி எவ்வளவு அகலம், எவ்வளவு சரிவு? பெரிதானால் முன்சட்டி வேகாது. சிறிதானால் பின்சட்டி வெதுவெதுப்போடு நின்றுவிடும். ஒரு விரற்கடை மாறினாலும் விறகுக் கணக்கு மாறும். தண்ணீர் கொதிக்க வைத்தும், சோறும் கறியும் சமைத்தும், விறகை நிறுத்தும் பார்த்துப் பார்த்து அந்த அளவுகளைத் தேடினார்கள். முடிவில் கிடைத்த அடுப்பு, மூன்று கல்லோடு ஒப்பிட்டால் விறகில் சுமார் 30 சதவீதத்தை மிச்சப்படுத்தியது.

கிராமங்களுக்கு முதலில் போனது துண்டு துண்டாகச் செய்து, வீட்டுக்குள் வைத்து மண் பூசிக் கட்டும் அடுப்பு. அதற்குப் பயிற்சி பெற்றவர் வந்து பொருத்தித் தர வேண்டும். நகரத்துக்கு அது சரிவரவில்லை. 1980களின் நடுப்பகுதியில் எல்லாத் துண்டுகளையும் ஒன்றாக இணைத்து, கடையில் வாங்கிக் கையில் தூக்கிக்கொண்டுபோய் அடுப்பங்கல்லில் வைத்து அன்றைக்கே சமைக்கக்கூடிய ஒற்றை உருவத்தைச் செய்தார்கள். அதற்குத்தான் அனகி என்று பெயர் வைத்தார்கள்.

இரண்டாம் பிறப்பு: விலை

இனித்தான் பொருளியல் வருகிறது.

தேசியத் திட்டம் அடுப்பை மானியத்தில் கொடுத்தது. அரசுப் பணம் வரும்வரை அடுப்பு போகும். பணம் நின்றால் அடுப்பும் நிற்கும். எத்தனை வீட்டில் வைத்தோம் என்பது கணக்கில் ஏறும்; எத்தனை வீட்டில் அது எரிகிறது என்பது ஏறாது. சுட்ட மண் அடுப்பின் ஆயுள் ஓர் ஆண்டு. நன்றாக மண் பூசிக் காத்தால் மூன்று ஆண்டு. உடைந்த பிறகு இன்னொன்றை எங்கே வாங்குவது என்ற கேள்விக்கு மானியத்திடம் பதில் இல்லை.

1987 அளவில் நகரங்களுக்கென்று வந்த அடுப்புத் திட்டம் வேறு வழியில் போனது. பொதுப் பணத்தை அடுப்பின் மேல் செலவழிக்காமல், அடுப்பு உண்டாவதற்கு முன்னால் இருக்கும் வேலைகளில் செலவழித்தார்கள்: வடிவமைப்பு, சோதனை, குயவருக்குப் பயிற்சி, அளவு பிசகாமல் வனைய உதவும் அளவுச்சட்டம், மக்களுக்கு அறிமுகம். அடுப்பைச் செய்வதும் சுமப்பதும் விற்பதும் குயவர், மொத்த வியாபாரி, கடைக்காரர் என்ற பழைய மண்பாண்டச் சங்கிலியின் பொறுப்பு. வாங்குபவர் முழு விலையும் கொடுத்தார். 1991 முதல் இதே முறையைக் கிராமங்களுக்கும் கொண்டுபோன வேலையில் முன்னின்றது கண்டியைத் தளமாகக் கொண்ட ஒருங்கிணைந்த அபிவிருத்திச் சங்கம், சுருக்கமாக ‘ஐடியா’. சர்வோதய அடுப்பு வேலையில் அனுபவம் பெற்ற ஆர். எம். அமரசேகர அதை வழிநடத்தினார். 14 மாவட்டங்களில் குயவர்கள் பயிற்சி பெற்றார்கள். குருநாகல் பக்கத்துக் கும்புக்கெட்டே போன்ற குயவர் ஊர்களில் அடுப்பு முக்கியச் சரக்கானது. ஆண்டுக்கு ஏறக்குறைய 3 லட்சம் அடுப்பு என்ற அளவுக்கு உற்பத்தி வளர்ந்தது.

குயவர் ஏன் அதை விரும்பி ஏற்றார் என்பதைப் பார்க்க வேண்டும். அலுமினியமும் பிளாஸ்டிக்கும் வந்த பிறகு குடத்துக்கும் சட்டிக்கும் கேட்பாரில்லை. பரம்பரைத் தொழிலை விட்டுக் கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில், அலுமினியத்தால் பறிக்க முடியாத ஒரு மண் சாமான் கையில் வந்தது. வருடத்துக்கு ஒரு தடவை உடையும் என்பது வாங்குபவருக்குக் குறை. செய்பவருக்கோ அதுவே தொடர்ந்து வரும் வியாபாரம். பருவநிலை பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்டிராதவர், தன் சூளை எரிய வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காகப் பருவநிலைக்கு நல்லதைச் செய்தார். நல்ல ஏற்பாட்டின் அடையாளம் அதுதான்.

வாங்கும் பக்கத்தில் கணக்கு இடத்துக்கு இடம் வேறுபட்டது. கண்டி நகரில் விறகைக் காசுக்கு வாங்கும் வீட்டுக்கு, மூன்று கட்டு எரிந்த இடத்தில் இரண்டோடு நிற்கும் என்றால் அடுப்பின் விலை விரைவில் திரும்பி வந்துவிடும். நகரத்தில் முதலில் விற்கத் தொடங்கியதன் நியாயம் இது. தோட்டத்திலும் கிராமத்திலும் விறகுக்குக் காசு இல்லை; பெண்ணின் நேரமும் முதுகும்தான் விலை. அந்த விலை எந்தப் பற்றுச்சீட்டிலும் வராது. வீட்டுச் செலவைத் தீர்மானிப்பவர் ஒருவரும் விறகு சுமப்பவர் இன்னொருவருமாக இருக்கும் வீட்டில், அனகி வாங்கும் முடிவு தாமதமாவது இயல்பு. அப்படிப்பட்ட வீடுகளில் அது விலைபோனதற்கு விறகுச் சேமிப்பை விட வேறு குணங்கள் உதவின: இரண்டு சட்டி ஒரே நேரத்தில் வேகும், வேலை சீக்கிரம் முடியும், குசினி முன்னையைவிடச் சுத்தமாக இருக்கும்.

யார் காசு, யார் அறிவு

2018இல் பொருளியல் நோபல் பரிசை இருவர் பகிர்ந்துகொண்டார்கள். வில்லியம் நோர்ட்ஹாஸ் பருவநிலையைப் பொருளியலுக்குள் கொண்டுவந்தவர். போல் ரோமர் புது யோசனைகள் பொருளாதாரத்தை எப்படி வளர்க்கின்றன என்று விளக்கியவர். இருவரையும் அருகருகே வைத்துப் பார்த்தால் அனகியின் கதை தெளிவாகும்.

புகை விடுபவர் அதற்குக் காசு கொடுப்பதில்லை. அதனால் புகை அளவுக்கு மீறி உண்டாகிறது. இது நோர்ட்ஹாஸ் பேசும் முதல் கோளாறு. கண்டுபிடித்தவரிடமிருந்து யோசனை மற்றவருக்குத் தாராளமாகப் போய்விடுகிறது. ஒருவர் பயன்படுத்துவதால் அது மற்றவருக்குக் குறைவதும் இல்லை. அதனால் யோசனையை உண்டாக்கத் தனியார் பணம் போதிய அளவு வராது. இது ரோமர் பேசும் இரண்டாவது. புகைக்கு வரி போட்டால் முதற்கோளாறு தீரும் என்பார்கள். ஆனால் லயத்து அடுப்புக்கு யார் வரி போடுவது, போட்டால்தான் என்ன நியாயம்? ஏழை வீட்டுத் தீயைப் பொறுத்தவரை இரண்டாவது கோளாற்றைச் சரிசெய்வதுதான் நீதியான வழி. அதாவது நல்ல அடுப்பைக் கண்டுபிடிக்கும் செலவைப் பொதுப்பணம் ஏற்க வேண்டும்.

அனகிக்கு அதுவே நடந்தது. அளவைத் தேடிய ஆண்டுகளின் செலவை எந்தக் குயவராலும் ஏற்றிருக்க முடியாது. ஏற்றிருந்தாலும் பக்கத்துச் சூளைக்காரர் மறுநாளே அந்த அளவைப் பார்த்துச் செய்துவிடுவார். ஆகவே அந்தச் செலவைப் பொதுவில் போட்டு, வந்த அறிவை எல்லோருக்கும் திறந்து விட்டார்கள். பயிற்சி பெற்ற குயவரிடம் இருக்கும் அளவுச்சட்டம் ஒரு சிறு துண்டுதான். ஆனால் பல ஆண்டு ஆராய்ச்சி அதில் அடங்கியிருக்கிறது.

திறந்து விட்டதில் ஓர் ஆபத்தும் வந்தது. பயிற்சி பெறாதவர்களும் பார்த்துச் செய்தார்கள். வெளியுருவம் அனகிதான், உள்ளே குகைவழியின் அளவு தவறியிருக்கும். கடையில் நின்று வாங்குபவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். நல்ல சரக்கையும் கெட்ட சரக்கையும் பிரித்தறிய முடியாத சந்தையில் கெட்டது நல்லதைத் துரத்திவிடும் என்று பொருளியலாளர் ஜோர்ஜ் அகர்லொஃப் 1970இல் பழைய கார்ச் சந்தையை வைத்துச் சொன்னார். மண் அடுப்புக்கும் அது பொருந்தும். ஆகவே பொதுப்பணத்தின் வேலை அளவைக் கண்டுபிடித்ததோடு முடியவில்லை. அளவு பிறழாமல் காப்பதும், மறுபடி மறுபடி பயிற்சி கொடுப்பதும் அதன் பங்கு. சந்தையிடம் விட்டுவிட்டோம் என்று கைகழுவியிருந்தால், பெயர் நிலைத்து அடுப்பு செத்திருக்கும்.

இலவச அடுப்பு சொல்லும் பாடம்

இந்தியா 1980களின் தொடக்கத்தில் திருத்திய அடுப்புக்கான தேசியத் திட்டத்தைத் தொடங்கி, 2002க்குள் 3 கோடிக்கு மேற்பட்ட அடுப்புகளைக் கொடுத்தது. எண்ணிக்கையில் அதற்கு நிகரான திட்டங்கள் சிலவே. ஆனால் இலக்கை எட்டும் அவசரத்தில் கட்டப்பட்ட அடுப்புகளில் பல சீக்கிரமே கைவிடப்பட்டன. பின்னர் ஒடிசாவில் 44 கிராமங்களில், மண்ணால் கட்டிய புகைபோக்கி அடுப்புகளைப் பொருளியலாளர்கள் ரெமா ஹன்னா, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் மூவரும் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். 2016இல் வந்த அவர்களின் முடிவு மனதை உறுத்துவது. முதல் ஆண்டில் புகை குறைந்தது. பிறகு அடுப்பில் வெடிப்பு விழுந்தது, புகைபோக்கி அடைபட்டது, திருத்துவார் இல்லை, பயன்பாடு குறைந்தது. விறகு மிச்சமானதாகவும் தெரியவில்லை. சோதனைச்சாலையில் வென்ற கருவி வீட்டில் தோற்றது.

இரண்டு கதைகளையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது எனக்குப் புலப்படுவது ஒன்றுதான். பழுதானால் எங்கே போவது என்ற கேள்விக்குப் பதில் இருக்கும் கருவியே நிலைக்கிறது. அனகி உடைந்தால் அடுத்த சந்தை நாளில் இன்னொன்று வாங்கலாம். அதைச் செய்பவர் பக்கத்து ஊரில் இருக்கிறார். அவருக்கு அதில் பிழைப்பு இருக்கிறது. சூரியத் தகடு மலிவானதும் இதே விதியால்தான். நாடுகள் ஆராய்ச்சிக்குக் காசு கொடுத்தன, ஆரம்பத்தில் விலை கூடுதலாக இருந்தபோது வாங்கவும் உதவின. செய்யச் செய்யத் தொழிலாளர் கை தேர்ந்தது, விலை விழுந்தது. 2010க்கும் 2020க்கும் இடையில் தகட்டின் விலை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குக்கு வந்துவிட்டது. தகட்டுத் தொழிற்சாலையின் கதையும் குயவர் சூளையின் கதையும் ஒரே இலக்கணத்தில்தான் எழுதப்பட்டிருக்கின்றன.

புகையின் உண்மைக் கணக்கு

அடுப்பின் மேல் எனக்கு அன்பு உண்டு. அதற்காக அதன் கணக்கை ஊதிச் சொல்லக்கூடாது. விறகுப் பஞ்சம் பற்றிய 1970களின் அச்சம் அப்படியே பலிக்கவில்லை. இலங்கையில் வீட்டு விறகின் பெரும்பகுதி காட்டை வெட்டி வருவதில்லை. வீட்டுத் தோட்டத்துக் கிளை, தென்னை மட்டை, பால் வற்றிய ரப்பர் மரம், தேயிலை மிலாறு என்று பயிர் நிலத்திலிருந்தே வருகிறது. திரும்ப வளரும் மரத்தை எரித்தால் அந்தக் கரியமில வாயு மறுபடி மரத்துக்குள் போய்விடும். அப்படியானால் பருவநிலைக்கு என்ன மிச்சம்?

மிச்சம் இருக்கிறது. சரியாக எரியாத விறகு மீதேன் விடும், கரித்துகள் விடும். அவற்றை வளரும் மரம் திரும்ப எடுத்துக்கொள்வதில்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்து உலகப் புகழ் பெற்ற வளிமண்டல அறிவியலாளர் வீரபத்ரன் இராமநாதனும், போல் குருட்சனும் முன்னின்று 1999இல் இந்து சமுத்திரத்தின் மேல் நடத்திய ஆய்வு, தெற்காசியாவைப் போர்த்தியிருந்த பழுப்பு மேகத்தை உலகுக்குக் காட்டியது. வாகனப் புகை, தொழிற்சாலைப் புகையோடு நம் அடுப்புப் புகையும் அதில் உண்டு. கரித்துகள் வானில் நிற்பது சில நாட்களோ சில வாரங்களோதான். ஆகவே இன்று அடுப்பைத் திருத்தினால் பலன் விரைவில் தெரியும். நூற்றாண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை.

இந்தப் பலனைக் காசாக்கும் முயற்சியும் நடந்தது. 1997ஆம் ஆண்டுக் கியோத்தோ உடன்படிக்கைக்குப் பிறகு, ஏழை நாட்டில் புகையைக் குறைத்து அந்தக் குறைப்பைப் பணக்கார நாட்டு நிறுவனத்துக்கு விற்கும் கார்பன் வரவுச் சந்தை வளர்ந்தது. அதில் அடுப்புத் திட்டங்கள் பெரும் இடம் பிடித்தன. 2024இல் வெளிவந்த கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வு, தாங்கள் ஆராய்ந்த அடுப்புத் திட்டங்களின் வரவுகள் உண்மைக் குறைப்பைப்போல் சுமார் 9 மடங்கு ஊதப்பட்டிருப்பதாகக் காட்டியது. எரியாத அடுப்பையும் எரிவதாக எழுதினார்கள். விறகெல்லாம் காட்டை அழித்து வந்தது என்று கணக்கிட்டார்கள். ஏழையின் அடுப்பைச் சாட்டாக வைத்துப் பணக்காரர் புகை விடுவதற்கு அனுமதி வாங்கும் இந்தக் கணக்கை நாம் ஏற்கக்கூடாது. குயவர் நேர்மையாகச் செய்த ஒரு பொருளுக்கு அது அவமானம்.

அனகிக்குப் புகைபோக்கி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். விறகு குறைவதால் புகை குறையும், ஒழியாது. நெஞ்சுக்கு முழுப் பாதுகாப்பு அது தராது. அது நல்ல அடுப்பு. கடைசி அடுப்பு அல்ல.

அடுத்த பிறப்பு

2021இன் கடைசியில் இலங்கையில் காஸ் சிலிண்டர்கள் வெடித்தன. 2022இல் நாட்டிடம் டொலர் தீர்ந்தது. கண்டித் தெருக்களிலும் சிலிண்டர் வரிசை நீண்டது. அந்த ஏப்ரலில் 12.5 கிலோ சிலிண்டரின் விலை 4,860 ரூபாயாக ஏறியது. காஸுக்கு மாறி வருடக்கணக்கான வீடுகள் விறகுக்குத் திரும்பின. மண் அடுப்பைத் தேடி மக்கள் அலைந்தார்கள். அந்த நேரத்தில் அடுப்பைச் செய்யத் தெரிந்த கையும், மண் வனையும் திரிகையும், சுடுகிற சூளையும் நாட்டில் உயிரோடு இருந்தன. முப்பத்தைந்து ஆண்டுகளாக அதில் பிழைப்பு இருந்ததால்தான் இருந்தன. எந்த அவசரகால நிதியாலும் ஒரு வாரத்தில் குயவரை உண்டாக்க முடியாது.

இனிப் பிறக்க வேண்டியது புகையே இல்லாத அடுப்பு. மின்சாரத்தில் சமைப்பதுதான் வழி என்று பலர் சொல்கிறார்கள். 2030இல் நாட்டின் மின்சாரத்தில் 70 சதவீதத்தைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து எடுப்பது அரசின் இலக்கு. விக்டோரியாவின் மூன்று இயந்திரங்கள் 210 மெகாவாட் தரும். மலை மண் தூர்ந்து அந்தத் தேக்கம் கெட்டுவிடக்கூடாதே என்று அஞ்சிய காலத்தில் பிறந்த அடுப்பு இது; ஒருநாள் அதே ஆற்றின் மின்சாரம் லயத்துக் குசினியின் புகையை முடித்துவைக்குமானால், அதைவிடப் பொருத்தமான முடிவு அனகிக்கு இல்லை.

ஆனால் அந்த நாள் தானாக வராது. மின் அடுப்பு ஏற்கெனவே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. அதன் முதற் பிறப்பு முடிந்தாயிற்று. லயத்தின் பழைய மின்கம்பி அதைத் தாங்குமா? நாட்சம்பளத்தில் மாதக் கட்டணம் கட்ட முடியுமா? பழுதானால் தெல்தோட்டையில் திருத்தித் தருபவர் இருப்பாரா? அதைத் திருத்திப் பிழைக்க அவருக்கு வழி இருக்குமா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடும் செலவை அன்றுபோல் இன்றும் பொதுப்பணம்தான் ஏற்க வேண்டும். அதுவரை விடியுமுன் எழுந்து மிலாறு முறித்து வைக்கும் அம்மாவுக்கு, அளவு தவறாமல் சுட்ட ஒரு நல்ல அனகியாவது கையெட்டும் விலையில் கிடைக்க வேண்டும்.